காப்பவனும் அறியக்கூடாத சொல்

சில வாரங்களுக்கு முன்பு, நான் இடைக்கிடை நூல்கள் வாங்கும் ஓர் இணையத்தளத்தின் கடவுச்சொல் எனக்கு மறந்துவிட்டது. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இது புதிதல்ல. 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' என்ற இடத்தை அழுத்தினேன். ஒரு நிமிடத்துக்குள் மின்னஞ்சல் வந்தது. புதிய கடவுச்சொல்லை அமைத்துக்கொள்வதற்கான வழி அதில் இருக்கும் என்றுதான் திறந்தேன். ஆனால் நான் மறந்துபோன அதே பழைய சொல், ஓரெழுத்தும் பிசகாமல் அதில் இருந்தது.

வேலை எளிதாக முடிந்தது என்று பலரும் மகிழ்ந்திருப்பார்கள். எனக்கோ நெஞ்சு திடுக்குற்றது. என் சொல்லை அவர்களால் எனக்குத் திருப்பி அனுப்ப முடிகிறதென்றால், அது அவர்களிடம் அப்படியே இருக்கிறது என்பதுதானே பொருள்? அங்கே பணியாற்றும் எவரும் அதை வாசிக்கலாம். நாளை அந்தத் தளத்துக்குள் புகும் திருடனும் வாசிக்கலாம். அப்படி வாசித்தவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் நான்தான்.

2000களின் நடுப்பகுதி. கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய பத்திரிகை அலுவலகம் இணையப் பதிப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தது. வாசகர்கள் தங்கள் பெயரைப் பதிவுசெய்துகொண்டால் செய்திகளுக்குக் கீழே கருத்தெழுதலாம். ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் எம்மவர்கள் பதிவுசெய்தார்கள். எந்த நாட்டில் எத்தனை வாசகர்கள் என்று விளம்பரப் பகுதியினர் கேட்டார்கள். கணனிப் பகுதியில் இருந்த இளைஞர் முழு அட்டவணையையும் நாடுவாரியாக வரிசைப்படுத்தி, துளையிட்ட தொடர்தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

பெயர், மின்னஞ்சல், நாடு என்று நிரல்கள் இருந்தன. நான்காவது நிரல் கடவுச்சொல்.

ஆசிரிய பீடத்தில் இரண்டு மூன்று பேர் சூழ்ந்து நின்று வாசித்தோம். முதலில் சிரித்தோம். துடுப்பாட்டக்காரர்களின் பெயர்கள், நடிகைகளின் பெயர்கள், ஒன்றிலிருந்து ஆறு வரையான இலக்கங்கள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. வேலணை, சரவணை, புங்குடுதீவு, அனலைதீவு என்று ஊர்ப் பெயர்கள். சிலவற்றின் பின்னால் ஓர் ஆண்டு. அது அவர்கள் பிறந்த ஆண்டு அல்ல. ஊரை விட்டு வெளியேறிய ஆண்டு. 1990 என்ற இலக்கம் தீவக மக்களுக்கு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் சாட்டியைச் சேர்ந்தவன். என் கண் தன்னையறியாமலே ஊரவர் பெயரைத் தேடியது. ஒரு பெயர் கிடைத்தது. எனக்கு நன்கு தெரிந்த பெண்மணி, என்னிலும் மூத்தவர், ஐரோப்பிய நாடொன்றில் வாழ்பவர். அவருக்கு எதிரே இருந்த சொல்லையும் வாசித்தேன். அவருடைய குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒருவரின் பெயர் அது. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதும் உரிமை மட்டுமல்ல, அறியும் உரிமையும் எனக்கு இருக்கவில்லை.

இளைஞரைக் கேட்டேன். "ஏன் தம்பி இதை இப்படியே வைச்சிருக்கிறியள்?"

"மறந்துபோச்சு எண்டு கேக்கிற ஆக்களுக்குத் திருப்பி அனுப்பவேணும் எல்லே அண்ணை" என்றார்.

அவரில் குற்றம் காண முடியவில்லை. அன்று உலகின் பல தளங்கள் அப்படித்தான் இயங்கின. ஆனால் இந்தச் சிக்கலுக்கு அதற்குக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்வு காணப்பட்டுவிட்டது என்பதை நான் பின்னர்தான் வாசித்தறிந்தேன். அந்த வரலாற்றைச் சொல்லவே இப்பதிவு.

கடவுச்சொல் கணனிக்கு முற்பட்டது. உரோமப் படைகளில் இராக்காவலுக்கான குறிச்சொல்லை மரப்பலகையில் எழுதி அணி அணியாகக் கைமாற்றி, இருட்டுவதற்குள் தளபதியிடம் திருப்பிச் சேர்த்த முறையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விவரித்திருக்கிறார். அங்கே ஒரு பாசறைக்கு ஓர் இரவுக்கு ஒரே சொல். கணனி இதை மாற்றியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சொல். ஆகவே எல்லாருடைய சொற்களையும் ஓரிடத்தில் எழுதிவைத்திருக்க ஒருவர் தேவைப்பட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

1961 நவம்பரில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், பேராசிரியர் பெர்னாண்டோ கோர்பாற்றோவின் குழு ஒரே கணனியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டியது. ஒருவருடைய கோப்புகளை மற்றவர் திறக்காதிருக்கவும், அவரவருக்கு ஒதுக்கிய நேரத்தைக் கணக்கிடவும் அவர்கள் கடவுச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். எல்லாச் சொற்களும் ஒரே கோப்பில், வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தன.

அது நெடுநாள் தாங்கவில்லை. 1962இல் அலன் ஷேர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட நான்கு மணி நேரம் போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கணனியைக் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியும். கடவுச்சொற் கோப்பின் பெயரைக் கொடுத்தார். ஒரு வெள்ளி இரவு கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை போய் அச்சுப்பிரதியை எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் நேரம் இப்போது அவருடைய நேரம். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியிட்டார். என் மேசைக்கு வந்த தொடர்தாளின் முன்னோடி அந்த அச்சுப்பிரதிதான்.

அதே கணனியில் 1960களின் நடுப்பகுதியில் இன்னொன்று நடந்தது. நிர்வாகிகளில் ஒருவர் அன்றைய அறிவித்தலைத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவருடைய தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிக்கொண்டன. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் 'இன்றைய அறிவித்தல்' என்ற இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் காட்டப்பட்டன. மரண அறிவித்தலின் படம் திருமண வாழ்த்துக்கு மேல் ஏறிவிட்ட அனுபவம் உள்ள எந்தப் பத்திரிகையாளனுக்கும் இது எப்படி நேர்ந்திருக்கும் என்று விளங்கும். யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் வாசிக்கக்கூடிய வடிவில் ஒரு பட்டியல் இருந்தால் அது ஒருநாள் வெளியே வந்தே தீரும்.

இதற்கு மாற்றுவழி இங்கிலாந்திலிருந்து வந்தது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'ரைற்றன்' கணனியில் பணியாற்றிய ரொஜர் நீடம் கண்ட வழியை மோறிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்தார். சொல்லைச் சேமிக்காதே, அதைத் திரும்பப் பெறமுடியாதபடி உருமாற்றி, உருமாறியதை மட்டும் சேமி என்பதே அந்த யோசனை. உரியவர் மறுபடி வந்து சொல்லைத் தரும்போது அதையும் அதே முறையில் உருமாற்று. இரண்டும் ஒத்தால் அவரை உள்ளே விடு. சொல் என்ன என்று காவற்காரனுக்குத் தெரியவேண்டிய தேவையே இல்லை.

கணிதத்தில் இதனை ஒருவழிச் சார்பு என்பார்கள். கணனியாளர் வாயில் இது 'ஹாஷ்'. அந்த ஆங்கிலச் சொல் அடுப்படியிலிருந்து வந்தது. துண்டு துண்டாக வெட்டிக் கலந்த உணவு என்று பொருள். எங்களுக்கு விளக்கம் தேட எங்கும் போகவேண்டியதில்லை, கொத்துரொட்டி இருக்கிறது. ரொட்டியிலிருந்து கொத்து வரும், கொத்திலிருந்து ரொட்டியை மீட்க எந்தக் கொம்பனாலும் முடியாது. ஒரே ஒரு வேறுபாடு: இந்தக் கொத்து ஒவ்வொரு தடவையும் அணுவளவும் பிசகாமல் ஒரேமாதிரி வரும். சொல்லில் ஓரெழுத்து மாறினாலோ முற்றிலும் வேறொரு கொத்து வரும்.

ஆயினும் ஒரு பலவீனம் மிஞ்சியிருந்தது. கொத்தை ரொட்டியாக்க முடியாதென்றாலும், திருடன் ஊகிக்கலாம். அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் கொத்திப் பார்த்து, எது ஒத்துப்போகிறது என்று தேடலாம். பெல் ஆய்வுகூடத்தின் ரொபேர்ட் மொறிஸும் கென் தொம்சனும் 1979 நவம்பரில் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 வீதம், மிகக் குறுகியவையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் உள்ளவையாகவோ இருந்தன. மனிதர்கள் அன்பு வைத்த சொற்களையே தெரிவுசெய்கிறார்கள். திருடனுக்கு அது தெரியும்.

அவர்கள் சொன்ன பரிகாரங்கள் இரண்டு. முதலாவதன் பெயரே உப்பு. ஒவ்வொருவருடைய சொல்லோடும் கண்டபடி தெரிவுசெய்த ஓர் எண்ணைக் கலந்து, பிறகு கொத்தவேண்டும். அன்று 4,096 விதமான உப்பு. 'வேலணை' என்று இருவர் வைத்திருந்தாலும் பெரும்பாலும் இரண்டு கொத்துகளும் வெவ்வேறாக இருக்கும். எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே கொத்திவைத்து ஒப்பிடலாம் என்று நினைக்கும் திருடன் அதை 4,096 தடவை செய்யவேண்டும். உப்பை மறைத்துவைக்கவும் தேவையில்லை, கொத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம்.

சாட்டியில் பிறந்தவனுக்கு உப்பு என்றால் பயம். நாற்புறமும் கடல் சூழ்ந்த மண்ணில், தீவுப் பகுதிக்கே குடிநீர் கொடுக்கும் நன்னீர்க் கிணறுகள் எங்களூரில் இருக்கின்றன. அவற்றில் உவர் ஏறிவிடக்கூடாதே என்ற கவலையோடுதான் வளர்ந்தோம். ஆனால் மீனைக் கெடாமல் காப்பதும் அதே உப்புத்தான் என்பதைக் கருவாடு போடுகிறவர்கள் அறிவார்கள். மொறிஸ், தொம்சன் இருவரின் உப்பு இந்த வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது பரிகாரம் தாமதம். அவர்களுடைய பழைய முறை, இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சங்கேதப் பொறியொன்றைப் போலச் செயற்பட்டது. ஒரு சொல்லைச் சோதிக்க 1.25 மில்லி செக்கன் போதும். அவ்வளவு வேகம் ஊகிப்பவனுக்குத்தான் வசதி. எனவே டி.ஈ.எஸ் என்ற சங்கேத முறையை அடிப்படையாகக் கொண்டு, அதை 25 தடவை திரும்பத்திரும்ப இயக்கினார்கள். வாயிலில் வரும் உரியவருக்குக் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். இலட்சம் சொற்களைச் சோதிப்பவனுக்கோ அந்தக் கண்ணிமைப்புகள் மணித்தியாலங்களாகப் பெருகும்.

வரலாறு சிலவேளை நாவலாசிரியரைப் போல நடந்துகொள்கிறது. மொறிஸ் பின்னர் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் கணனிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானியானார். அவர் அப்பதவியில் இருந்த வேளை, 1988 நவம்பர் 2ஆம் திகதி, அவருடைய மகன் அவிழ்த்துவிட்ட நிரல் ஒன்று அக்கால இணையத்தின் ஒரு பகுதியை முடக்கியது. கணனிகளுக்குள் புக அது கையாண்ட வழிகளில் ஒன்று, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களை ஊகிப்பது. தந்தை எழுத்தில் எச்சரித்ததைத் தனயன் செய்து காட்டினார்.

ஆக, 1979இலேயே பாடம் முழுமையாக எழுதப்பட்டுவிட்டது. பிறகு ஏன் எங்கள் அலுவலகத்து அட்டவணை அப்படி இருந்தது? பாடம் இருந்த இடம் வேறு, படித்தவர்கள் இருந்த இடம் வேறு. 1990களின் பிற்பகுதியில் மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்கள் செலவின்றிக் கிடைத்தன. பத்திரிகை அலுவலகம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், கோவில் பரிபாலன சபை என்று எவரும் வாசகர் அட்டவணை ஒன்றைத் தொடங்க முடிந்தது. நிரல்களை வரைபவருக்குப் பெயர் ஒரு நிரல், நாடு ஒரு நிரல், கடவுச்சொல்லும் இன்னொரு நிரல். இது மற்றவற்றைப் போன்றதல்ல என்று சொல்லிக்கொடுக்க அருகில் ஆளில்லை.

அறியாமை எங்களுக்கு மட்டும் உரியதுமல்ல. 2009 டிசம்பரில் 'றொக்யூ' என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குள் ஒருவர் புகுந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்களை எடுத்தார். எல்லாம் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தன. அவற்றில் முதலிடம் பெற்றது ஒன்றிலிருந்து ஆறு வரையான இலக்க வரிசை, ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் பேரின் தெரிவு அது. 2012இல் 'லிங்க்ட்இன்' தளத்திலிருந்து வெளியானவை கொத்தப்பட்டிருந்தன, ஆனால் உப்பில்லை. முதலில் 65 இலட்சம் என்றார்கள், 2016இல் அது 11 கோடியே 70 இலட்சம் எனத் தெரியவந்தது. 2013இல் 'அடோபி' நிறுவனம் இழந்த 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளில் சொற்கள் ஒருவழியாக உருமாற்றப்படவில்லை, மீட்கக்கூடிய சங்கேதத்தில் பூட்டப்பட்டிருந்தன. ஒரே சொல் ஒரே வடிவில் திரும்பத்திரும்ப வந்தது. பக்கத்திலேயே பயனாளர்கள் எழுதிய ஞாபகக் குறிப்புகள் திறந்த எழுத்தில் கிடந்தன. ஊகிப்பவர்களுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி போலாயிற்று.

எங்கள் பக்கத்திலும் நடந்தது. பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட 'பிக்பாஸ்கெட்' மளிகைத் தளத்திலிருந்து 2020இல் ஏறத்தாழ 2 கோடிப் பேரின் விவரங்கள் வெளியேறின. கடவுச்சொற்கள் ஷா-1 என்ற, வேகமாகக் கொத்தும் முறையில் சேமிக்கப்பட்டிருந்தன. 2019 மார்ச்சில் பேஸ்புக் நிறுவனமே, கோடிக்கணக்கான பயனாளர்களின் சொற்கள் தனது உள்ளகப் பதிவுகளில் திறந்த எழுத்தில் கிடந்ததை ஒப்புக்கொண்டது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2024 செப்டெம்பரில் தாய் நிறுவனமான மெற்றாவுக்கு 9 கோடியே 10 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. 1962இல் ஒரு மாணவர் அச்சிட்டு எடுத்ததற்கும் இதற்கும் இடையே 57 ஆண்டுகள்.

கருவிகள் இல்லாமலில்லை. 1999இல் நீல்ஸ் புறோவோஸ், டேவிட் மஸியேர் இருவரும் அறிமுகப்படுத்திய 'பீகிரிப்ட்', கணனிகளின் வேகம் கூடக்கூடத் தாமதத்தையும் கூட்டிக்கொள்ள வழிசெய்தது. 2013இல் வந்த பிஎச்பி 5.5 பதிப்பில், உப்பிட்டு மெதுவாகக் கொத்தும் வேலையை ஒரே கட்டளையில் முடிக்கலாம். உலகளாவிய போட்டியொன்றில் 2015இல் தெரிவான 'ஆர்கன்2', நேரத்தோடு நினைவகத்தையும் பெருமளவில் கேட்டு ஊகிப்பவனின் செலவை உயர்த்துகிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் சட்டமும் தரவை வைத்திருப்பவருக்குப் பொறுப்பைச் சுமத்தும் நோக்குடன் இயற்றப்பட்டன. சட்டம் வந்தாலும் கொத்தவேண்டியவர் கொத்தாவிட்டால் பயனில்லை.

இனி எங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். அன்று மாலையே அந்தத் தொடர்தாளை எரித்தேன். இளைஞர் இரண்டு வாரங்களில் எல்லாச் சொற்களையும் எம்.டி.5 என்ற முறையில் கொத்தினார். அக்காலத்துப் பாடக்குறிப்புகள் அதைத்தான் சொல்லின. அதுவும் மிக வேகமானது, அதிலும் உப்பில்லை, ஆகவே போதாது என்று எங்களுக்குத் தெரிந்தபோது நாங்கள் இருவருமே அங்கிருந்து விலகியிருந்தோம்.

வாசகர்களுக்கு அறிவித்தோமா? இல்லை. இதுதான் இன்றுவரை உறுத்துவது. பெரும்பாலானவர்கள் ஒரே சொல்லையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். எங்கள் அட்டவணையில் இருந்த சொல் பலருடைய மின்னஞ்சலையும் திறந்திருக்கும். 2006இல் போர் மீண்டும் மூண்டபோது, யார் யாருக்கு எழுதுகிறார், எங்கே உறவுகள் இருக்கின்றன என்பது உயிரோடு விளையாடும் தகவலாயிற்று. அந்தத் தாள் என் மேசைக்கு வராமல் வேறொரு மேசைக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவருடைய பெயரில் எழுத்துப்பிழை விட்டால் மறுநாள் திருத்தம் போடும் தொழில் எங்களுடையது. இதற்குத் திருத்தம் போடவில்லை. வாசகர்கள் பயந்துவிடுவார்கள் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. செய்தி தந்தவரின் பெயரைக் காக்கச் சிறை செல்லவும் தயார் என்று மேடைகளில் பேசியவன், தன்னை நம்பிப் பெயர் பதிந்தவர்களின் சொல்லைக் காக்கத் தவறினேன். இப்பதிவை அந்தத் திருத்தமாகக் கொள்ளவேண்டுகிறேன்.

அண்மையில் சாட்டி மாதா கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்மணியும் வந்திருந்தார். கடற்கரைப் பக்கமாக மரநிழலில் இருந்து பழைய கதைகள் பேசினோம். ஒரு படத்தைக் காட்டுவதற்காகக் கைத்தொலைபேசியை எடுத்தவர், கடவுச்சொல்லைத் தட்டும்போது சற்றே மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "குறை நினையாதை தம்பி" என்று சிரித்தார்.

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் அதே சொல்லா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று அப்போதுதான் விளங்கியது.

ஒரு வேண்டுகோள். உங்களுடைய பழைய கடவுச்சொல்லை அப்படியே உங்களுக்குத் திருப்பி அனுப்பும் தளம் எதுவாயினும், அங்கிருந்து உங்கள் கணக்கை நீக்குங்கள். அதே சொல்லை வேறெங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். நூல் விற்கும் அந்தத் தளத்துக்கு நான் கடிதம் எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.